திரைக்குப் பின்னே நிற்பவர்கள்

நாடகம் முடிந்ததும் கரகோஷம் முழுவதும் மேடையில் நிற்பவர்களுக்கே போய்ச் சேருகிறது. விளக்கு அமைத்தவர், திரை இழுத்தவர், மறந்த வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரின் பெயரை யாரும் கேட்பதில்லை. இவர்களின்றி நாடகமே இல்லை என்பதற்குச் சீன தேசத்துப் புதிய நாடகத்தின் சரித்திரம் நல்ல சான்று.

சீனத்தின் பழைய நாடகங்களில் பாட்டும் தாளமும் அபிநயமுமே பிரதானம். பேச்சையே ஆதாரமாகக் கொண்ட நாடகத்தின் தொடக்கமாகச் சொல்லப்பெறும் நிகழ்ச்சி அயல்நாட்டில் நடந்தது. 1907-ஆம் ஆண்டில் டோக்கியோவில் பயின்ற சீன மாணவர்கள், தாயகத்தில் வெள்ளத்தால் அவதியுற்றோருக்கு நிதி திரட்டும் பொருட்டு ஒரு பிரெஞ்சு நாடகத்தின் பகுதியை நடித்தனர். கதாநாயகி வேஷம் தரித்த லீ ஷூதொங் என்னும் மாணவர் 1918-இல் பௌத்தத் துறவியானார். ஊர்விட்டு ஊர் வந்து சங்கம் கண்ட நமக்கு இம்மாணவர்களின் முயற்சி நன்கு விளங்கும்.

பின்னர் ஷாங்காயில் இந்நாடகம் பரவியபோது ஒரு குறை நேர்ந்தது. வசனம் முழுவதையும் எழுதாமல், காட்சிக் குறிப்பு ஒன்றைத் திரைக்குப் பின்னே வைத்துவிடுவார்கள். நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். தரம் குன்றியது.

இதற்கு மருந்து கண்டவர் ஹொங் ஷென். அமெரிக்காவில் நாடகக் கலை பயின்று 1922-இல் திரும்பிய அவர், வசனத்தை மனனம் செய்தல், முறையான ஒத்திகை, அனைத்துக்கும் பொறுப்பேற்கும் இயக்குநர் ஆகியவற்றை நிலைநாட்டினார். 1923-இல் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடித்த நாடகம் ஒன்றையும், ஆண்களே பெண் வேஷமிட்ட நாடகம் ஒன்றையும் ஒரே இரவில் அடுத்தடுத்து நடத்தினார். பின்னதைக் கண்டு சபையோர் நகைத்தனர். வாதாடாமலே வழக்கை வென்றுவிட்டார்! பேச்சு நாடகம் என்று பொருள்படும் 'ஹுவாஜூ' என்ற பெயரும் 1928-இல் அவர் மொழிந்ததே.

லாவ் ஷே இயற்றிய 'தேநீர் விடுதி' 1958-இல் பீஜிங்கில் அரங்கேறியது. மூன்று அங்கங்களில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிகின்றன. இளைஞனாக உள்ளே சென்றவன் கிழவனாக வெளிவர வேண்டும். ஒப்பனைக்கு அவகாசம் வேண்டுமே! ஆகவே, அங்கங்களுக்கிடையே சபையோரை மகிழ்விக்கத் தாளக்கட்டையுடன் பாடும் ஒரு பிச்சைக்காரப் பாத்திரத்தை ஆசிரியர் சேர்த்தார். ஒப்பனை அறையின் தேவையை உணர்ந்து எழுதிய பேனா அது.

ரயில் பிரயாணிக்கு டிரைவரையும் கார்டையும் தெரியும். நள்ளிரவில் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனைத் தெரியாது. அவர் கை தவறினால் என்னாகும் என்பதை ஆபீஸில் இருக்கும் நாங்கள் அறிவோம். அடுத்த முறை நம் சங்க மேடையில் திரை விழும்போது, அதை இழுத்தவரையும் முன்னே அழைத்து நிறுத்துவோமா, அன்பர்களே?