சூளையும் களமும்

நுழையும்முன்

இட்ட பணியை மட்டும் செய்த எந்திரங்கள் இன்று தாமே முடிவெடுக்கத் தொடங்கியுள்ளன. ரோபோக்கள் மோதிக்கொள்ளும் போட்டிகள் மாணவரை ஈர்க்கின்றன. இவை பள்ளிக்கு ஏற்றவையா, எவ்வகைப் போட்டி ஏற்றது என்பனவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

கைவிட்ட பின்

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் தொழிற்பேட்டையும் அங்கு உள்ளன. தொழிலாளர் மண்ணைத் தேர்ந்து, பக்குவப்படுத்தி, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் அடுக்குகின்றனர். உயர்வகைப் பீங்கானுக்கு 1200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூளை மூடப்பட்ட பின் உள்ளிருக்கும் பொருளை எவரும் தொட்டுத் திருத்த இயலாது. சிந்திக்க வேண்டியவற்றை எல்லாம் முன்னரே சிந்தித்திருக்க வேண்டும்.

தானியங்கி ரோபோவைக் களத்தில் இறக்கும் மாணவரின் நிலையும் இத்தகையதே.

இருவகைப் போட்டிகள்

மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட், சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா ஆகிய விழாக்களில் ‘ரோபோவார்ஸ்’ போட்டிகள் புகழ்பெற்றவை. அவற்றில் மனிதர் தொலைவியக்கியால் ரோபோக்களை இயக்கி மோதவிடுவர். ஜப்பானிலிருந்து பரவிய ரோபோ சுமோவின் தானியங்கிப் பிரிவோ வேறுவகை. எதிரியை உடைப்பதன்று, வட்டக் களத்திலிருந்து வெளியே தள்ளுவதே வெற்றி. சிறுவகைச் சுமோவில் ரோபோ 10 சென்டிமீட்டர் நீள அகலத்துக்குள், 500 கிராம் எடைக்குள் அடங்க வேண்டும். களத்தின் விட்டம் 77 சென்டிமீட்டர். தொடங்கிய பின் ஐந்து நொடி காத்திருந்து, ரோபோ தானே எதிரியைத் தேடும்.

தேடுவதற்குத் துணைநிற்பவை உணரிகள். மீயொலி உணரி ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவை அளக்கும். ஒலி திரும்ப இரண்டு மில்லிநொடி ஆனால், எதிரி ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது எனலாம். அவ்வொலியை எழுப்புவதும் உணர்வதும் அழுத்தத்தை மின்சாரமாகவும் மின்சாரத்தை அதிர்வாகவும் மாற்றவல்ல ஒருவகைப் பீங்கான் வில்லையே. விருத்தாசலத்து மாணவர்க்கு இச்செய்தி தம் ஊர்த்தொழிலின் நெடிய எல்லையை உணர்த்தும்.

எல்லைக்கோடு கற்பிப்பது

கறுப்புக் களத்தின் விளிம்பில் வெள்ளைக்கோடு உண்டு. வெண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால், அடியிலுள்ள உணரி அதனை அறிந்துகொள்ளும். வெள்ளை தென்பட்டதும் பின்வாங்குமாறு நிரல் எழுதுவது எளிது. ஆனால், எதிரியைத் தள்ளிச் செல்லும்போதும் வெள்ளை தென்படும். அப்போது பின்வாங்கினால் கைக்கெட்டிய வெற்றி நழுவும். தொடர்ந்து முன்னேறினால் எதிரி விலகியதும் தானே வெளியே விழ நேரும். எச்சூழலில் எதற்கு முதன்மை என்பதை மாணவரே முன்கூட்டி முடிவுசெய்ய வேண்டும். தோற்றபின் கைதவறியது என்று கூற இயலாது. எழுதிய நிரலைத்தான் மீண்டும் படிக்க வேண்டும். ஆதலால், மாணவர்க்குத் தானியங்கிப் போட்டியே சிறந்தது.

பொறுப்பு யாருடையது?

மோதலை விளையாட்டாக்குவது வன்முறையை வளர்க்காதா எனச் சிலர் வினவலாம். பிறரை அழிப்பதே நோக்கமாயின் அவ்வச்சம் பொருந்தும். உடைக்கும் கருவி ஏதுமின்றித் தள்ளும் வலிமையையும் அறிவையும் மட்டும் சோதிக்கும் போட்டிக்கு அது பொருந்தாது. செலவு மிகுதி என்பாரும் உளர். அடல் புத்தாக்க ஆய்வகங்கள் அமைந்த பள்ளிகளில் வேண்டிய கருவிகள் பல கிடைக்கும். அவை இல்லாத பள்ளிகளுக்கும் அவ்வாய்ப்புச் சென்றுசேர வேண்டும் என்பதே முறை.

இவ்வினா பள்ளி அளவில் முடிவதன்று. மனிதர் தலையீடின்றி இலக்கைத் தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் குறித்து, 2014 முதல் ஜெனீவாவில் ஐ.நா. உடன்படிக்கை நாடுகள் விவாதித்து வருகின்றன. எந்திரம் தவறிழைத்தால் பொறுப்பேற்பவர் யார் என்பது அங்கும் எழும் வினா. நாளை அத்தகு எந்திரங்களை வடிவமைப்போரும், அவை வேண்டாம் என மறுப்போரும் இன்றைய வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். சிறு களத்தில் தம் ரோபோ செய்த பிழையைத் தம் பிழையென ஏற்கப் பழகிய மாணவரே, பெரிய களத்தில் அவ்வினாவை நேர்மையுடன் எதிர்கொள்வர்.