"உனக்கு ஏலாதும்மா" என்று சொன்னது யார்?



முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, கொழுந்தெடுக்கும் தாயின் மகள், சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் 'ஏ' எடுத்தாள். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. "சேர், நான் டொக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றாள். எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. டவுன் பாடசாலையில் ஆய்வுகூடம் இரண்டாம் மாடியில். "டொக்டர் வேலைன்னா ராப்பகலா நிக்கணும். உனக்கு ஏலாதும்மா, கலைப் பிரிவு எடு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவளை எந்த மருத்துவ பீடமும் நிராகரிக்கவில்லை. அதற்கு முன்பே நாங்கள் நிராகரித்துவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் மாடிப்படி சட்டம் படிப்பதில்லை.

"நோயாளியின் உயிரோடு விளையாடலாமா?" என்று கேட்பார்கள். பரீட்சைத் தரத்தைக் குறைக்கும்படி யாரும் கேட்கவில்லை. எல்லா டொக்டரும் சத்திர சிகிச்சை செய்வதில்லை. இரத்தத்தைப் பரிசோதிப்பவர், எக்ஸ்ரே படத்தை வாசிப்பவர், மனநோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் எல்லோரும் டொக்டர்தான். அங்கவீனத்தின் சதவீதத்தை மட்டும் பார்த்து மருத்துவப் படிப்பை மறுக்க முடியாது, அந்த மாணவரால் படிப்பைத் தொடர முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2024 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாங்கள் கேட்பதும் அதைத்தான்.

"பின்தங்கிய மாவட்டங்களுக்குத்தான் கோட்டா இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்த 16இல் அடங்கும். ஆனால் அந்தக் கணக்குக்கு மாவட்டம்தான் தெரியும், லயம் தெரியாது. டவுனில் ரியூசன் எடுக்கும் பிள்ளையும், இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அதிலும் கால் ஏலாத பிள்ளை வரிசைக்கே வருவதில்லை.

இது ஒரு பிள்ளையின் கவலை மட்டுமல்ல. நம் தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இன்றும் தோட்ட மருத்துவ உதவியாளர்தான் இருக்கிறார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால், நம் தாய்மார் வருத்தத்தைச் சொல்ல மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள். "ஒரு கிழமை ஓய்வெடு" என்று டொக்டர் எழுதுகிறார். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர்களும், முழங்கால் தேய்ந்தவர்களும் எந்த லயத்தில் இல்லை? அந்த லயத்தில் பிறந்தவளும், ஏலாத காலோடு வாழ்ந்தவளும் டொக்டராக வந்தால் அது தர்மம் அல்ல. வைத்தியத்துக்கே அது பலம்.

நம் சங்கத்தையும் கேட்கிறேன். சம்பளத்துக்காக வீதியில் இறங்கினோம், சரி. ஆய்வுகூடத்துக்காக ஒரு நாளாவது இறங்கினோமா? அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக எடுப்போம்.

ஒன்று: தோட்டப் பகுதிகளில் தமிழ்மொழி மூல உயர்தர விஞ்ஞானப் பிரிவு, ஆசிரியரோடும் ஆய்வுகூடத்தோடும் வேண்டும்.

இரண்டு: அந்த ஆய்வுகூடம் கீழ்மாடியில், சாய்தளத்தோடு இருக்க வேண்டும்.

மூன்று: மருத்துவ பீட அனுமதியில் தோட்டப் பாடசாலை மாணவர்களையும் அங்கவீனமுற்ற மாணவர்களையும் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

தலைவர்மாரும் பெற்றோரும் செய்ய வேண்டிய இன்னொன்றும் உண்டு. அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை. "உனக்கு ஏலாது" என்ற சொல்லை இனி எந்தப் பிள்ளையிடமும் நாம் சொல்லக் கூடாது. நான் சொல்லமாட்டேன்.