பசளைப் பையைப் பற்றியே எத்தனை நாள் கதைக்கிறது?

2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் பின்வாங்கினார்கள். இடையில் விவசாயி பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு 'சேதனம்' என்று வாயெடுத்தாலே ஊரில் சிரிக்கிறாங்க. சிரிக்கிறது நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்த்து மண்ணைப் பற்றிய கதையையே மூடிவிட்டோம். எங்கட கோபம் அதில்தான்.

தடை போட்டவர்களும் எதிர்த்தவர்களும் ஒரு விசயத்தில் ஒற்றுமை: இரண்டு பக்கமும் மண்ணை வெறும் பாத்திரமாகத்தான் பார்த்தது. எந்தப் பையைக் கொட்டுவது என்பது மட்டும்தான் சண்டை. சீனாவிலிருந்து கப்பலில் சேதனப் பசளை வரவழைத்து, தீங்கான பற்றீரியா இருக்கென்று மறித்து, கடைசியில் மில்லியன் கணக்கில் டொலரும் கட்டினோமே, அதுவும் இதே புத்திதான். சேதனம் எங்கட வயலிலேயே கிடக்குது. அதுக்குத்தான் அறுவடை முடிஞ்ச கையோடு நெருப்பு வைக்கிறோம்.

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசன் இருக்கு. எரித்தால் அது ஏறக்குறைய முழுதும் புகையாகப் போயிடும். பிறகு அதே நைதரசனை யூரியாவாக வாங்க கமநல சேவை நிலையத்தில் வரிசையில் நிற்கிறோம்.

நைதரசனையாவது காசுக்கு வாங்கலாம். மண்ணுக்குள்ள இருக்கிற உயிர்களை எங்க வாங்குறது? மண் உயிர் என்றதும் 1881இல் டார்வின் எழுதிய மண்புழுப் புத்தகத்தைச் சொல்லுவாங்க. அது இங்கிலாந்து மண்ணின் கதை. எங்கட உலர் வலயத்தில் மாதக்கணக்கில் மழை இல்லாதபோது மண்புழு ஆழத்துக்குப் போய் ஒடுங்கிவிடும். அந்த நேரம் மேட்டு நிலத்தில் வேலை பார்க்கிறது கறையானும் எறும்பும். சருகைக் கீழே கொண்டு போறதும், முதல் மழை இறங்கத் துளை போட்டு வைக்கிறதும் அதுகள்தான். அவுஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை வயல்களில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எறும்பும் கறையானும் இருந்த இடங்களில் விளைச்சல் 36 வீதம் கூட.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் போடுற மணல் தோட்டங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மணல் தானாகத் தண்ணியையும் பசளையையும் பிடித்து வைக்காது. உக்கிய சருகும், அதை உக்க வைக்கிற உயிர்களும்தான் பிடித்து வைக்கும். நாங்களோ கறையானைக் கண்டவுடன் மருந்தடிக்கிறோம். செத்த தாவரத்தைத் தின்கிற இனங்கள்தான் அதில் அதிகம். தின்ன வேண்டிய வைக்கோலைக் கொளுத்திவிட்டு, பயிரில் கை வைக்குது என்று கத்துகிறோம்.

விவசாயியைக் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. அறுவடை மெசின் வைக்கோலைப் பரப்பிவிட்டுப் போகுது. அள்ளக் கூலி வேணும், நாள் வேணும். நெருப்புக்குச்சிதான் மலிவு. எரிக்காதீங்க என்று விவசாயத் திணைக்களம் ஆலோசனை சொல்லுது. ஆலோசனை கூலி கட்டாது. 1962இலிருந்து நெல்லுக்குப் பசளை மானியம் தருகிற நாட்டில், வைக்கோலை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறவருக்கு ஏன் மானியம் இல்லை?

ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணி திறக்கிற நாளைத் தீர்மானிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் வைக்கோலுக்கும் ஒரு தீர்மானம் எடுக்கச் சொல்லிக் கேட்போம். வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வாங்க.