கையடக்க கேம் கருவிகள்: விலையோடு முடிவதில்லை செலவு

புதுதில்லி: மின்னணுப் பொருள்கள் சந்தைக்கு வந்து நாளாக நாளாக விலை குறையும் என்பது நுகர்வோரின் நெடுநாள் அனுபவம். கையடக்க கேம் கருவிகளின் விலையோ இப்போது எதிர்த்திசையில் செல்கிறது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் 299.99 டாலருக்கு அறிமுகமான நிண்டெண்டோ ஸ்விட்ச், 2025 ஆகஸ்டில் 339.99 டாலராக உயர்ந்தது. 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2-இன் விலை 449.99 டாலர்.

இந்திய வாடிக்கையாளரின் சுமை இதனினும் கூடுதல். முதற்காரணம் வரி. 2018-19 மத்திய பட்ஜெட்டில் வீடியோ கேம் கன்சோல்களுக்கான அடிப்படை சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அவ்வரியின் மீது 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரியும் உண்டு. 2019 ஜனவரியில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது ஓரளவு ஆறுதல். எனினும், இந்த விகிதங்களின்படி ரூ.30,000 மதிப்புள்ள கருவி, இறக்குமதியாகும்போதே ரூ.43,188 ஆகிவிடுகிறது. வணிகரின் லாபம் அதற்கு மேல்தான்.

இரண்டாவது, நிறுவனங்களின் நேரடி விற்பனை இல்லாமை. ஸ்விட்ச் 2 அறிமுகமான நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் கருவியும் இங்கு தனியார் இறக்குமதியாளர்கள் வழியாகவே கிடைத்துவந்தது. இவ்வாறு வாங்குவோருக்குக் கடைக்குக் கடை விலை மாறுபடும். தயாரிப்பாளரின் உத்தரவாதம் கிடைப்பதும் அரிது. ஜாய்ஸ்டிக்கோ பேட்டரியோ பழுதானால் செலவு முழுவதும் வாங்கியவருடையதே.

மூன்றாவது, கேம்களின் விலை. ஸ்விட்ச் 2-உடன் வெளியான 'மரியோ கார்ட் வேர்ல்டு' கேமின் அமெரிக்க விலை 79.99 டாலர். இதே விலையில் ஆறு கேம்கள் வாங்கினால், செலவு கருவியின் விலையையே மிஞ்சிவிடும். கேம்களைச் சேமிக்கக் கூடுதல் இடம் தேவைப்பட்டால், வழக்கமான மெமரி கார்டு பயன்படாது. 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' என்ற புதிய வகை கார்டைத்தான் வாங்க வேண்டும்.

அதிகாரபூர்வமாக விற்கப்படும் கருவிகளில் கணக்கு வேறு. 2023-இல் ரூ.69,990-க்கு அறிமுகமான ஏசுஸ் 'ராக் ஆலை' தொடக்கத்தில் மலைக்க வைக்கும். ஆனால் அதற்கு உள்நாட்டு உத்தரவாதம் உண்டு. 2015 முதல் ரூபாயில் விலை குறிக்கும் ஸ்டீம் தளத்தின் கேம்களையும் அதில் ஆடலாம். ரூ.18,990-க்கு வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டல் மலிவாகத் தோன்றினாலும், பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்போருக்கே அது பெரிதும் பயன்படும்.

ஆகவே விலைச்சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு நட்டமாகலாம். கருவி, கேம்கள், பழுதுச் செலவு ஆகியவற்றை மூன்றாண்டுகளுக்குக் கூட்டிப் பார்ப்பதே சரியான அளவுகோல். அரசும் சிந்திக்க வேண்டிய செய்தி இதில் உண்டு. உயர்ந்த சுங்க வரி வாடிக்கையாளரை ரசீதில்லா வணிகத்தை நோக்கித் தள்ளுமானால், அரசுக்கு வரி வருவாயும் நுகர்வோருக்குச் சட்டப் பாதுகாப்பும் ஒருசேர இழப்பாகும்.