வாழைப்பட்டையும் வெள்ளாட்டுச் செல்லும்

மதுரையில் கறி இரண்டு விதமாக இலைக்கு வருகிறது. ஒன்று கொத்தியது: கோலா உருண்டை, கறி தோசை. மற்றது துண்டு: சுக்கா, நெஞ்செலும்புக் குழம்பு. செல் வளர்ப்பு இறைச்சித் துறை முதல் வகையைத் தாண்டுவதற்கே இன்னும் திணறுகிறது. 2013 ஆகஸ்டில் லண்டனில் ஆய்வாளர் மார்க் போஸ்ட் அறிமுகப்படுத்திய பர்கருக்கு ஆன செலவு சுமார் இரண்டரை லட்சம் யூரோ. ஆயிரக்கணக்கான மெல்லிய தசை இழைகளைத் தனித்தனியே வளர்த்து, சேர்த்து அழுத்திய வில்லை அது. கோலாவைப் பிடித்து நிறுத்தப் பொட்டுக்கடலை மாவு போதும். சுக்காவுக்குத் துண்டு துண்டாகவே இருக்க வேண்டும். அந்த வடிவம் வளரும்போதே அமைய வேண்டும்.

தடை எங்கே என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். ஊட்டமும் ஆக்சிஜனும் கிடைக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் போன செல் பிழைக்காது. உடலில் அந்த வேலையை இரத்த நுண்குழாய்கள் பார்க்கின்றன. கலத்தில் வளர்க்கும்போது சட்டகம்தான் பார்க்க வேண்டும். அதில் நுண்துளை வேண்டும், தசை இழைகள் ஒரே திசையில் ஓட வரிகள் வேண்டும், கடைசியில் அதையும் சேர்த்தே உண்ண முடிய வேண்டும். உண்ண முடிந்தால் செல்களை உரித்தெடுக்கும் ஒரு படி மிச்சம்.

செடிகளிடம் இந்தக் குழாய் வலை ஆயத்தமாக இருக்கிறது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பெல்லிங் குழு 2014-இல் ஆப்பிளின் செல்களை நீக்கி, எஞ்சிய செல்லுலோஸில் பாலூட்டிச் செல்களை வளர்த்தது. 2017-இல் கிளென் காடெட்டும் உடன் ஆய்வாளர்களும் பாலக் கீரை இலையில் மனித இதயத் தசைச் செல்களைத் துடிக்க வைத்தார்கள். 2021-இல் அதே கீரையில் மாட்டுத் தசைச் செல்களை வளர்த்தார்கள். கார்னகி மெல்லன் ஆய்வாளர்கள் வெங்காயத்தாளை எடுத்தார்கள். அதன் நீளவாட்டு வரிகளை ஒட்டியே தசைச் செல்கள் வரிசை கட்டின. இஸ்ரேலில் ஷுலமித் லெவன்பர்க் குழு 2020-இல் சோயாப் புரதத்தையே சட்டகமாக்கியது. நமக்கு மீல் மேக்கர் என்று பழகிய சரக்குக்கு அது நெருங்கிய உறவு.

இவை எல்லாம் நல்ல தொடக்கங்கள். கவலை தருவது இவற்றைப் பார்த்து எழுந்த வாய்பாடு. ஏதாவது ஓர் இலையை எடு, எஸ்.டி.எஸ். என்ற சோப்புப்பொருள் கரைசலில் ஊறவை, சி2சி12 செல்களை விதை, பச்சையும் சிவப்புமாக ஒளிரும் படம் ஒன்றை வை, நம்பிக்கை அளிக்கிறது என்று முடி. சி2சி12 சுண்டெலியின் செல். அது எங்கும் ஒட்டும், எளிதில் பெருகும், யாரும் உண்ணமாட்டார்கள். இலையில் ஒட்டியது என்பதால் அது இறைச்சிக்கான சான்று ஆகிவிடாது.

நம் வைகைச் சமவெளியில் இந்த ஆய்வை யாராவது தொடங்கினால் முதலில் கை போகும் இடம் வாழை. போகட்டும், ஆனால் வாழையைத் தெரிந்துகொண்டு போகட்டும். தேனி, சின்னமனூர்ப் பக்கம் தார் வெட்டியபின் மரம் தோட்டத்திலேயே கிடக்கிறது, ஆகவே மூலப்பொருள் மலிவு என்பது உண்மைதான். ஆனால் நாம் மரம் என்று சொல்வதில் பெரும்பகுதி இலையடிப் பட்டைகள். உள்ளே இருக்கும் தண்டு வேறு. பட்டையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய காற்றறைகள் உண்டு. அவற்றில் செல்லை விதைத்தால் வெறுமையில் விழும். அறைகளைப் பிரிக்கும் சுவர்த் திசுவும் நீளவாட்டில் ஓடும் நார்க்கற்றைகளும்தான் பயன்படக்கூடியவை. அந்த நார் லிக்னின் ஏறியது, எவ்வளவு வேகவைத்தாலும் கரையாது. தண்டு நறுக்குகிற எந்தப் பெண்ணும் நாரை விரலில் சுற்றி எறிந்துவிட்டுத்தான் அடுத்த வில்லையை நறுக்குவார். வெட்டிய தண்டு கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் போடுவதும் அவரேதான். அந்தக் கறையைத் தரும் பாலிபீனால்கள் புரதத்தோடு பிணையக்கூடியவை. முழுமையாகக் கழுவப்படாவிட்டால் வளர்ப்பூடகத்திலும் வேலையைக் காட்டும். இன்னொன்று: தண்டுக் கூன்வண்டுக்கு மருந்தை மரத்திலேயே ஊசி போட்டு ஏற்றும் வழக்கம் உண்டு. எந்தத் தோட்டத்து மரம், எப்போது மருந்து ஏறியது என்று சொல்ல முடியாத பட்டை உணவுக்கு ஆகாது.

கழுவும் நீரைப் பற்றியும் பேச வேண்டும். செல் நீக்கம் நாள்கணக்கில் நடக்கும். சோப்புப்பொருளை முழுக்க வெளியேற்ற மீண்டும் மீண்டும் நீர் மாற்ற வேண்டும். வைகையை நம்பிய ஊரில் இந்தக் கணக்கைக் கட்டுரையின் ஓரத்தில் கூட எழுதாதது எப்படி?

செல்லுலோஸுக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. விலங்குச் செல்கள் பற்றிக்கொள்ளும் புரத வரிசைகள் அதில் இல்லை. ஜெலட்டின் பூசினால் ஒட்டும். ஆனால் விலங்கைக் கொல்லாத இறைச்சி என்ற பேச்சு அங்கேயே அடிபடும். பயறு, சோயாப் புரதப் பூச்சுகளில் கவனம் செலுத்துவது மேல் என்பது எங்கள் கருத்து.

செல்லுக்கு வருவோம். உலக ஆய்வு மாடு, கோழி, பன்றி என்று ஓடுகிறது. மதுரை தின்பது ஆடு. கன்னி ஆடும் கொடி ஆடும் விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மேய்கின்றன. செம்மறிகளான வெம்பூரும் ராமநாதபுரம் வெள்ளையும் பக்கத்திலேயே. இவற்றின் தசைத் தண்டணுக்களைப் பிரித்து, எத்தனை தலைமுறை பெருகுகின்றன, எந்த ஊடகத்தில் இழையாகின்றன என்று பதிவு செய்வது நமக்கு மட்டுமே வாய்த்த வேலை. இந்திய முயற்சிகள் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் (சி.சி.எம்.பி.) தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையமும் 2019-இல் கைகோத்தன. கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2024 ஜனவரியில் நீட் மீட் நிறுவனத்துடன் மீன் இறைச்சிக்கு ஒப்பந்தம் செய்தது. வஞ்சிரமும் வாவலும் அந்தப் பட்டியலில் உண்டு. வெள்ளாட்டுக்கு அந்த ஊக்கம் வரவில்லை. தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பப் புலம், திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், தஞ்சையில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். அரை நாள் பயணத்துக்குள் அத்தனையும் இருக்கின்றன. ஆடு தெரிந்தவரும் வாழை தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்காராததுதான் பிரச்சினை.

சட்டகம் செலவைக் குறைத்துவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். செலவின் பெரும்பங்கு வளர்ப்பூடகத்தில். தாவரப் பொருளின் பங்கு கூடக்கூட இன்னொரு கேள்வியும் வரும். சிங்கப்பூரில் 2024-இல் கடைக்கு வந்த ஒரு கோழிப் பொருளில் வளர்ப்புச் செல் 3 சதவீதம் மட்டுமே, மிச்சம் தாவரப் புரதம். நம் நாட்டில் அந்த 3 சதவீதமே அதை அசைவக் குறியின் கீழ் கொண்டுவந்துவிடும். புதுவகை உணவு என்ற வகையில் 2017 ஒழுங்குமுறைகளின்படி முன் அனுமதியும் வேண்டும். ஒளிரும் படம் அங்கே செல்லாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உண்ணத்தக்க சட்டகம் பற்றி இந்த இதழுக்கு எழுதுவோர், உணவு விலங்கின் செல்லில் குறைந்தது ஒரு சோதனையாவது செய்து அனுப்புங்கள். எஞ்சிய சோப்புப்பொருளின் அளவையும் செலவான நீரையும் எழுதுங்கள். செல்லின் எடை எவ்வளவு, தாவரத்தின் எடை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். வேகவைத்துப் பாருங்கள்; வெந்தபின் துண்டு எப்படி இருந்தது என்பதையும், சரியாக வரவில்லை என்றாலும், எழுதுங்கள். தோற்ற முடிவுகளுக்கும் இங்கே பக்கம் உண்டு.