‘கிடைக்கல’ என்ற பதிலுக்கும் காசு கொடுக்கலாம்

“ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்ற ஆராய்ச்சிக்கு நம்ம வரிப்பணம் எதுக்கு?” ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வகம் பற்றிப் பேச்செடுத்தால், இங்கே பிரிட்டனில் நம்ம ஆட்களிடம் வரும் கேள்வி இது. பிரிட்டன் அதில் உறுப்பு நாடு. வரி கட்டுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ‘கிடைக்கல’வுக்கும் மதிப்பு உண்டு என்பதுதான் என் கட்சி.

அங்கே என்ஏ62 என்றொரு சோதனை நடக்கிறது. கேயான் என்ற மீசான் துகள் பறந்துகொண்டே சிதைகிறது. ரொம்ப அபூர்வமாக, ஒரு பையானும் கருவியில் சிக்காத இரண்டு நியூட்ரினோக்களும் மட்டும் மிஞ்சும். பத்தாயிரம் கோடி கேயான்களில் சுமார் 13 தான் இப்படிச் சிதைகின்றன என்று 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள்.

நான் ஐடி ஆள். லாக் ஃபைலில் காணாமல் போனதைத் தேடுவதே என் பிழைப்பு. இவர்கள் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். வந்த கேயானின் கணக்கு தெரியும், பையான் கொண்டுபோனதும் தெரியும். கழித்தால் வரும் மீதி, நியூட்ரினோக்கள் என்றால் ஒவ்வொரு முறையும் மாறும். இதுவரை யாரும் காணாத இலேசான துகள் ஒன்று நழுவியிருந்தால், மீதி நிறை எப்போதும் ஒரே எண்ணில் வந்து குவியும். கரும்பொருளுக்கும் நமக்கும் இடையே தூது போகும் துகளாகக்கூட அது இருக்கலாம்.

அந்தக் குவியல் இன்னும் தெரியவில்லை. ஆனா சும்மா விடவில்லை. ‘இந்த நிறையில், இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது’ என்று வேலி போட்டுவிட்டார்கள். பல ஊகங்கள் அதோடு காலி. இனி எங்கே தேடணும் என்பதும் தெளிவாகிறது.

என் ஆதங்கம் வேறு. கனமான துகளைத் தேட பெரிய இயந்திரம் வேணும். இலேசான துகளுக்கு வேண்டியது எண்ணிக்கையும் பொறுமையும். என்ஏ62-க்கு அடுத்ததாக முன்வைத்த ‘ஹைக்’ திட்டத்தை 2024-இல் செர்ன் ஏற்கவில்லை. ‘ஷிப்’ திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. ஷிப்பும் இலேசான துகள்களைத்தான் தேடப்போகிறது, நல்லதுதான். ஆனால் கோட்பாடு சொல்வது சுமார் 8, அளந்தது 13. பிழை வரம்பு பெரியது என்பதால் இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். அதைத் தீர்க்காமல் விடலாமா?

அடுத்த பெரிய மோதுவிக்கு மதிப்பீடே சுமார் 1,500 கோடி ஸ்விஸ் பிராங்க். அதைப் பேசும் அரசுகள், இந்த மாதிரி சின்னச் சோதனைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கட்டும். என் வரியில் அதற்குப் போகும் சில்லறைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை.