கரிசல் மண்ணும் எரிவாயுக் குழாயும்

ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமுள்ள இயற்கை எரிவாயுக் குழாய் 2021-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி தேசத்திற்கு அர்ப்பணிக்கப்பட்டது. ராமநாதபுரம் கிணறுகளில் கிடைக்கும் வாயு தூத்துக்குடி ஆலையில் உரமாகிறது. அந்நிய நாட்டுச் சரக்கை நம்பியிராமல் நமது தேவையை நாமே பூர்த்தி செய்துகொள்ளும் முயற்சியைத் தேசாபிமானிகள் அனைவரும் வரவேற்பர். நாமும் வரவேற்கிறோம். ஆயினும், தனது நிலத்தினடியில் செல்லும் வாயு எத்தகையது, அதற்கு ஜவாப்தாரி யார் என்று கேட்கக் கரிசல் காட்டு விவசாயிக்கு உரிமையுண்டு.

கிணற்றிலிருந்து வெளிப்படும் வாயு சுத்தமானதன்று. அதில் நீரும், எண்ணெய் போன்ற திரவங்களும், கரியமில வாயுவும் கலந்திருக்கும். நீரும் கரியமில வாயுவும் சேர்ந்தால் அமிலமாகி இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தில் இவற்றைப் பிரித்தெடுத்து, வாயுவை உலர்த்திய பிறகே, அழுத்த நிலையம் அதைக் குழாய் வழியே தள்ள வேண்டும். இந்த வேலையில் காட்டும் சிக்கனம் பிறர் உயிருக்கே உலை வைப்பதாகும்.

ஆந்திர ராஜ்யத்தின் நகரம் என்னும் கிராமத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. 2014 ஜூன் 27-ந் தேதி விடியற்காலையில் அங்கே 'கெயில்' ஸ்தாபனத்தின் குழாய் வெடித்து, இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் ஈர வாயுவை அனுப்பியதால் இரும்பு அரித்துப்போயிற்று என்று விசாரணையில் வெளியாயிற்று. வாயுவை எடுத்தது ஒரு ஸ்தாபனம், கொண்டுசென்றது மற்றொன்று. இரண்டும் சர்க்கார் ஸ்தாபனங்களே. அவற்றுக்கு இடையே உலர்த்தும் பொறுப்பு நிறைவேறாமற் போயிற்று.

மேற்பார்வையும் இவ்வாறே பிரிந்து கிடக்கிறது. கிணற்றுத் தலத்தைச் சுரங்கப் பாதுகாப்பு இலாகா கவனிக்கிறது. குழாய்க்குரிய விதிகளை 2006-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட ஒழுங்குமுறை வாரியம் வகுக்கிறது. மாசு விஷயம் வேறொரு வாரியத்தைச் சார்ந்தது. நிலத்துக்குடையவனோ 1962-ம் வருஷச் சட்டப்படி, குழாய் செல்லும் பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ கூடாது. அதற்கு ஈடாக அவன் பெறுவது, சேதத்துக்கான நஷ்டஈடு நீங்கலாக, நிலத்தின் சந்தை மதிப்பில் பத்தில் ஒரு பங்கே.

கோவில்பட்டிச் சீமையின் மண்ணுக்குத் தனிக் குணமும் உண்டு. ஐப்பசி மழையில் அது உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்வசைவு புதைத்த குழாயையும் வருத்தும். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் இம்மண்ணை நன்கறியும். இப்பிராந்தியத்தில் குழாய் பதிக்கு முன் அதன் யோசனையைக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

நாம் கோருவது மிகையன்று. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுப் புறப்படும் வாயுவின் ஈரப்பதம் எவ்வளவு, குழாயின் உட்புறம் கடைசியாக எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது என்ற விவரங்களைக் குழாய் செல்லும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் தமிழில் பிரசுரிக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் தட்டுவதற்கு ஒரே கதவு இருக்க வேண்டும். தேசத்துக்காக நிலத்தில் இடம் கொடுத்த குடியானவனுக்குச் சர்க்கார் செலுத்தவேண்டிய கடன் இது. அதைக் காலதாமதமின்றிச் செலுத்துவார்களென எதிர்பார்க்கிறோம்.